அனுமதி கேட்கப் போன நாள்

"டீச்சர், விண்ணப்பத்துல ரெண்டு கட்டம் பாக்கி கெடக்கு" என்றார் துறைத்தலைவர், போன் ஸ்பீக்கரில். காலையில் அவர் குரல் எப்போதும் இருமலோடுதான் வரும். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு இணையதளத்த மூடிடுவாங்க. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"சம்பந்தப்பட்டவங்க சம்மதம், அது ஒண்ணு. இன்னொண்ணு, பங்கேற்பாளர்கள் என்ன செய்வார்கள்னு ஒரு கேள்வி. அதுக்கு நீங்க எழுதினது எடுபடாது. கலந்துரையாடுவார்கள், கலந்துரையாடுவார்கள்னே வருது. தொண்ணூறு நிமிஷமும் உட்கார்ந்து பேசினா அதுக்குப் பேரு ஒர்க்‌ஷாப் இல்ல, இரங்கல் கூட்டம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். இருமினார். "தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல சார். சரியாத்தான் சொன்னீங்க."

இந்தக் குடும்பத்தோடு முதல் அத்தியாயத்திலிருந்து கூடவே நடந்து வருகிறவர்கள் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். வழியில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் இப்போது டீச்சர் இல்லை. ஊர்தான் அப்படிக் கூப்பிடுவதை விடவில்லை. இரண்டு வருடம் முன்பு வரை பள்ளியில் வேதியியல் எடுத்தவள். ஒவ்வொரு உப்பும் ஒவ்வொரு நிறத்தில் எரியும் என்று காட்டுவதற்காக, கிண்ணங்களில் உப்பைப் போட்டு ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினாள். ஒரு கிண்ணம் அணைந்துவிட்டதாக நினைத்து, பாட்டிலைச் சாய்த்து மறுபடி ஊற்றினாள். அது அணைந்திருக்கவில்லை. பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது. நெருப்பு பாட்டிலுக்குள் ஏறி, பீய்ச்சாங்குழல் மாதிரி எதிர்ப்பக்கம் பாய்ந்தது.

எதிர்ப்பக்கம் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி டீச்சர் பெற்ற மகள். இன்னொருத்தி, மகளின் உயிர்த்தோழி. வகுப்பே வாயாடி என்று கூப்பிட்ட பெண். மகள் பிழைத்தாள். வாயாடி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பவில்லை.

விசாரணையில் டீச்சர் எதையும் மறைக்கவில்லை. வகுப்பறைக்குள் மறுபடி போகவும் அவளை விடவில்லை. இப்போது ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் ஆய்வு நிலையமொன்றில் உதவியாளர் வேலை. அறிவியல் கல்வி ஆராய்ச்சியாளர்கள் கூடும் மாநாட்டில் பயிலரங்கு நடத்த விரும்புகிறவர்கள் முன்மொழியலாம் என்று அறிவிப்பு வந்தபோது, "ஆய்வகப் பாதுகாப்பப் பத்தி நீங்க சொன்னா கேப்பாங்க" என்று துறைத்தலைவர்தான் ஆரம்பித்து வைத்தார். அந்த முன்மொழிவு இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குக் கடைசி நாள் இன்று.

கணவர் சாப்பாட்டு மேசையின் மறுமுனையில் கருவிப் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில்.

"சம்மதம்னா யாரோடது?" என்றார், தலை நிமிராமல்.

"நம்ம பொண்ணோடது. அப்புறம், தையல் கடைக்காரம்மாவோடது."

ஒரு ஸ்பேனர் பைக்குள் போகாமல் கையிலேயே நின்றது. தையல் கடைக்காரம்மா வாயாடியின் அம்மா.

"அங்க போகப்போறியா?"

"போகாம எப்படிங்க? அவங்க பொண்ணப் பத்தி எழுதியிருக்கேன்."

"எழுதாதே."

டீச்சர் மடிக்கணினியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். "உங்க தொழில்ல லிஃப்ட் அறுந்து விழுந்தா எழுதறாங்கல்ல? எங்க, எப்படி, எந்தக் கயிறுன்னு எல்லா மெக்கானிக்குக்கும் அனுப்பறாங்கல்ல? அதையெல்லாம் படிச்சதாலதான் முழுசா வீட்டுக்கு வர்றேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எழுதறாங்க. ஆனா கயிறு கட்டினவனே போயி, செத்தவன் வீட்டுக் கதவத் தட்டி, எழுதிக்கட்டுமான்னு கேக்கறதில்ல."

அவள் மடிக்கணினியை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவருக்கும் சொன்னது அதிகம் என்று பட்டிருக்கும். பையை மூடிவிட்டு வாசல்வரை போனவர் நின்றார்.

"இப்பதான் தெருவுல நாலு பேர் என்னப் பாத்து சிரிக்கறாங்க. அவங்களா மறந்துட்டு வர்றாங்க. நீ போயி தட்டி எழுப்பாதே."

"அந்தம்மா மறந்திருப்பாங்களா?"

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கட்டி வைத்த சாப்பாடு மேசையிலேயே இருந்தது.

மகளுக்குப் பட்டாணி என்று பெயர். குறைமாதத்தில் கையளவாகப் பிறந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது அம்மாவைவிட உயரம். வலது காதுக்குக் கீழே தொடங்கும் தழும்பு கழுத்தில் இறங்கி, சட்டைக்குள் போய், மணிக்கட்டில் மறுபடி வெளியே வரும். வலது கை விரல்கள் பாதிதான் மடங்கும். எழுத்து இப்போது இடது கையில். தேர்வுக்குப் படிக்க விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தாள்.

"கொண்டா, படிக்கறேன். படிக்காம எப்படி கையெழுத்து போடறது?"

எழுந்து நின்று, அம்மாவின் தோளுக்கு மேலாகப் படித்தாள். ஒரு வரியில் நின்றாள். சத்தமாக வாசித்தாள்.

"'விபத்தின்போது மாணவிகள் இருவர் மேசைக்கு மிக அருகில் இருந்தனர்.' இருந்தனரா?"

"ஆராய்ச்சியில அப்படித்தான் எழுதுவாங்க பட்டாணி."

"ஏதோ பஸ்ஸுக்கு நின்ன மாதிரி இருக்கு. நீதானேம்மா கூப்பிட்ட. கிட்ட வந்து பாருங்கன்னு. விசாரணையில சொன்னேல்ல?"

"விசாரணையில கேட்டாங்க."

"இங்க யாரும் கேக்கலன்னா விட்டுடுவியா?"

டீச்சர் அந்த வரியை அழித்தாள். 'ஆசிரியர் அழைத்ததால் மாணவிகள் இருவர் மேசையருகே வந்தனர்' என்று எழுதினாள்.

பட்டாணி மேலும் படித்தாள். "'மாணவி அ காயமுற்றார். மாணவி ஆ உயிரிழந்தார்.' நான் அ-வா?"

"ஆமா."

"அட்டெண்டன்ஸ்ல எப்பவும் அவதான் எனக்கு முன்னாடி. மாத்து."

இரண்டே எழுத்து. அதை மாற்றுவதற்கு டீச்சருக்கு வெகுநேரம் ஆனது.

மகளுக்குப் போன மாதம்தான் பதினெட்டு முடிந்திருந்தது. சம்மதத் தாளில் தன் பெயரை இடது கையால் நிதானமாக எழுதிவிட்டு, செருப்பைத் தேடினாள்.

"நீ எங்க கெளம்பற?"

"கடைக்கு. உன்கூட."

"வேண்டாம். உன்னப் பாத்தா அவங்களுக்கு…"

"என்னை அவங்க மாசத்துக்கு ரெண்டு தடவ பாக்கறாங்க. அந்த வழியாத்தான் லைப்ரரிக்குப் போறேன்." பட்டாணி செருப்பை மாட்டினாள். "நீ தனியாப் போனா அழுவே. நீ அழுதா அந்த ஆன்ட்டி எந்திரிச்சுத் தண்ணி கொண்டுவந்து குடுத்து உன்னத் தேத்தணும். அது அநியாயம்மா."

தையல் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய அறை. ஆள் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். ஒரு தையல் மெஷின், சுவரோரம் துணி மூட்டைகள், வாடிக்கையாளர் உட்கார ஒரே ஒரு நாற்காலி. வாசல் கண்ணாடியில் அட்டை ஒன்று ஒட்டியிருந்தது: பள்ளிச் சீருடை தைப்பதில்லை.

டீச்சர் அதைப் படித்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"வாங்க டீச்சர்" என்றாள் தையல்காரம்மா. குரலில் வரவேற்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஜன்னல் திரை ஒன்றுக்கு ஓரம் மடித்து அடித்துக்கொண்டிருந்தாள். "பட்டாணி, நீ நாற்காலியில உட்காரு. கை எப்படி இருக்கு?"

"பரவால்ல ஆன்ட்டி."

டீச்சர் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் பாதியில் தீர்ந்துபோயின. பிறகு தாளை நீட்டினாள். தையல்காரம்மா மெஷினை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக உதடு அசையப் படித்தாள்.

"ஒர்க்‌ஷாப்னா வண்டி ரிப்பேர் பண்ற இடம்னுதான் எனக்குத் தெரியும்" என்றாள் கடைசியில்.

"இது வாத்தியாருங்களுக்கு. வெவ்வேற ஊர்லேருந்து வருவாங்க. சும்மா கேட்டுட்டுப் போகாம, அவங்களே செஞ்சு பாத்துக் கத்துக்கறது."

"என்ன செய்வாங்க?"

காலையில் துறைத்தலைவர் கேட்ட அதே கேள்வி. "பேசுவாங்க. ஒரு ஆபத்த முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு."

"செய்ய மாட்டாங்களா?"

"எத?"

"அதத்தான்."

வெளியே யாரோ ஷட்டரை இழுத்து மூடினார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை தையல்காரம்மா காத்திருந்தாள்.

"அந்த நெருப்பு என்ன கலர்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது டீச்சர். டாக்டர் வந்தாரு, எத்தன பங்கு வெந்திருக்குன்னு சொன்னாரு. விசாரணைக்காரங்க வந்தாங்க, செய்முறை விளக்கம்னு சொன்னாங்க. ஸ்கூல்லேருந்து வந்து வருத்தம்னாங்க. அவ எதப் பாத்துட்டு நின்னான்னு யாரும் காட்டல." திரைத்துணியின் மடிப்பை விரலால் நீவினாள். "எம்பொண்ணு வீட்ல அடுப்புப் பக்கம் வரமாட்டா. குக்கர் சத்தத்துக்கே பக்கத்து ரூமுக்கு ஓடுவா. அப்படிப்பட்டவ நீங்க கூப்பிட்டதும் போயி நின்னிருக்கான்னா, அது எப்படி இருந்திருக்கும்? அத நான் பாக்கணும்."

"அத இனிமே யாரும் செய்யக்கூடாதுன்னு சொல்றதுக்குத்தான் இந்த ஒர்க்‌ஷாப்பே."

"அப்ப எங்கையெழுத்து இல்ல." தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். கோபம் ஒன்றும் தெரியவில்லை. அளவு பொருந்தாத துணியைத் திருப்பிக் கொடுப்பது போலத்தான் கொடுத்தாள்.

பட்டாணிதான் பேசினாள். "குச்சியில காட்டலாம் ஆன்ட்டி. மரக்குச்சிய உப்புத் தண்ணியில ஊற வெச்சு, பர்னர்ல நீட்டினாப் போதும். ஸ்பிரிட்டே வேண்டாம். அதே கலர்தான் வரும். பச்சை, சிவப்பு, ஊதா எல்லாம். புஸ்தகத்துலயே இருக்கு."

தையல்காரம்மா பட்டாணியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அன்னிக்கு ஏன் அப்படிச் செய்யல?"

இந்தக் கேள்வியை விசாரணையில் யாரும் கேட்கவில்லை. விதிமுறை கேட்டார்கள், பாட்டில் அளவு கேட்டார்கள், கண்ணாடி அணிந்திருந்தார்களா என்று கேட்டார்கள். டீச்சர் மெஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"குச்சியில சின்னதாத்தான் தெரியும். கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. எல்லாரும் வாயப் பொளந்து பாக்கணும்னு நெனச்சேன். பெருசாக் காட்டணும்னு ஆசப்பட்டேன்."

பட்டாணி தலை குனிந்துகொண்டாள்.

தையல்காரம்மா கால் மிதியை அழுத்தினாள். மெஷின் ஓடியது. திரையின் முழு நீளத்துக்கும் ஓரம் அடித்து முடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதன் பிறகு கேட்டாள்.

"இது இதுல எழுதியிருக்கா?"

"இல்ல."

"எழுதுங்க. நீங்க சொன்ன மாதிரியே."

டீச்சர் பையிலிருந்து பேனாவை எடுத்து, துணி வெட்டும் மேசையில் தாளை வைத்து எழுதினாள். தையல்காரம்மா அதையும் உதடு அசையப் படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

"சின்னதாவே காட்டுங்க. நான் வருவேன். முன்னாடி வரிசையில எனக்கு ஒரு எடம் போட்டு வைங்க." பிறகு, எழுந்த பட்டாணியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "இந்தத் தையல் உரசுது பாரு தழும்புல. நாளைக்கு எடுத்துட்டு வா. பிரிச்சு மாத்தித் தர்றேன்."

வழியில் டீச்சர் அழுதாள். பட்டாணி தேற்றவில்லை. கூடவே நடந்தாள்.

வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்தார்கள். பங்கேற்பாளர்கள் என்ன செய்வார்கள் என்ற கட்டத்தில் டீச்சர் இப்படி எழுதினாள்: பங்கேற்பாளர்கள் முதலில் விபத்து நடந்த முறையைப் படித்து, எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்று குறிப்பார்கள். பிறகு அதே நிறங்களை ஸ்பிரிட் இல்லாமல், மரக்குச்சியால், தாங்களே உண்டாக்குவார்கள். முதல் சுடரை நடத்துநர் ஏற்றுவார். இந்த முறை முன்பே தெரிந்திருந்தும், பெரிதாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையால் நடத்துநர் அதைத் தவிர்த்தார் என்பதும் பங்கேற்பாளர்களிடம் சொல்லப்படும்.

சம்மதத் தாள்களைப் படம் எடுத்து இணைத்தாள். நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அனுப்பினாள். 'பெறப்பட்டது' என்று திரையில் வந்தது. இருவருக்கும் அதைப் பார்த்து எந்த நிம்மதியும் வரவில்லை.

கணவர் சீக்கிரமே திரும்பியிருந்தார். பையைக்கூட இறக்காமல் திரையில் இருந்ததைப் படித்தார். ஒரே ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"முதல் சுடரை நடத்துநர் ஏற்றுவார். யாரு, நீயா?"

"நான்தான்."

"இந்த வீட்ல தீப்பெட்டியே கெடையாது."

உண்மைதான். பட்டாணி மருத்துவமனையிலிருந்து வருவதற்கு முந்தின நாள் கேஸ் அடுப்பை அவர்தான் கழற்றி யாருக்கோ கொடுத்தார். அன்றிலிருந்து மின்சார அடுப்பு. மெழுகுவத்திகூட வாங்குவதில்லை.

அவர் வெளியே போனார். திரும்பி வந்து மேசைமேல் ஒரு தீப்பெட்டியை வைத்தார். "மேடையில நின்னு கை நடுங்கறதுக்கு, இங்கயே நடுங்கிப் பாத்துக்க."

கொல்லைப்புறக் குழாயடியில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு டீச்சர் உட்கார்ந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. "நான் பாக்கறேன். நீ கொளுத்து" என்று பட்டாணி சமையலறை வாசலில் நின்றாள், கைகளைக் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்ப்பவளைப் போல.

முதல் குச்சி உடைந்தது. இரண்டாவது குச்சியின் மருந்து உதிர்ந்தது. மூன்றாவது, சரக்கென்று பற்றிக்கொண்டது.

சின்னச் சுடர்தான். காற்றே இல்லை. டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டு, கை நடுங்கவில்லை என்று காட்டுவதற்காகத் திரும்பினாள்.

வாசலில் பட்டாணி இல்லை.

உள்ளே நாற்காலி ஒன்று விழுந்தது. குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு, வயிற்றிலிருந்து எல்லாவற்றையும் புரட்டி எடுப்பது போல ஒரு சத்தம் கதவுக்குப் பின்னாலிருந்து விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. இன்று முழுக்க இரண்டு அம்மாக்களையும் தாங்கிப் பிடித்த பெண் அவள்.

டீச்சர் குச்சியை வாளியில் போட்டுவிட்டு ஓடினாள். "பட்டாணி. கதவத் தொறம்மா."

கூடத்தில் தொலைபேசி அடித்தது. கணவர் எடுத்தார்.

"டீச்சர் இல்லையா? சரி, நீங்களே சொல்லிடுங்க." துறைத்தலைவர் இருமினார். "இப்பதான் நகல் வந்துச்சு. எல்லாம் பிரமாதம். அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. பெரிதாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையால்னு. அது ஆராய்ச்சி பேசற பாஷையே இல்ல. கீழ நம்ம நிலையத்தோட பேரு இருக்கு. இப்படி ஒருத்தங்கள எதுக்கு வேலைக்கு வெச்சீங்கன்னு மேல கேட்டா நான் என்ன பதில் சொல்ல? ஏற்கெனவே அனுப்பினவங்க நாளைக்குக் காலைல வரைக்கும் திருத்தலாம். எடுக்கலன்னா, அவங்க வேலைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது."

"சரி சார். நான் பாத்துக்கறேன்."

மடிக்கணினி திறந்தே இருந்தது. கணவர் அதன் எதிரே உட்கார்ந்தார். ஒரு விரலால் மட்டும் தட்டத் தெரிந்தவர். அந்த வரியைக் கண்டுபிடித்து, அதன் முடிவில் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தினார். காலையில் அவரே 'எழுதாதே' என்று சொன்னதுதான். அழித்துவிட்டால் வேலை இருக்கும். தெருவில் நாலு பேர் தொடர்ந்து சிரிப்பார்கள். யாருக்கும் தெரியாது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தையல் கடைக்காரம்மாவுக்கு மட்டும் தெரியும்.

குளியலறைப் பக்கமிருந்து மனைவியின் குரல் கேட்டது. கதவைத் தட்டுவதை விட்டுவிட்டு, அதன் மேல் சாய்ந்து ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

அவர் எதையும் அழிக்காமல் மடிக்கணினியை மூடினார். போய், அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உள்ளே சத்தம் நின்றிருந்தது. குழாயைத் திறந்து மூடும் ஓசை. பிறகு அதுவும் இல்லை. தாழ்ப்பாள் மட்டும் அசையவில்லை.

"போன்ல யாருங்க?" என்றாள் டீச்சர்.

"ராங் நம்பர்" என்றார் அவர்.